தகரத்துரை கடல் கடந்தார்

தகரத்துரை பிறந்தது ஒரு புதன்கிழமை, கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது.

ஆறாம் வகுப்பின் கடைசி வாங்கில் ஜுனைதாவும் தவமணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தவமணி கொப்பியின் ஓரத்தில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வரைந்தாள். அதற்குக் கையும் காலும் போட்டாள். ஜுனைதா எட்டிப் பார்த்து, "மூக்குக்கு ஒரு பல்ப் வை" என்று கிசுகிசுத்தாள்.

"பல்ப் எரிய கரண்டுக்கு எங்க போறது?"

"தேசிக்காய்ல எடுக்கலாம்."

தவமணி நம்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஜுனைதா அவளைத் தன் வாப்பாவின் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாப்பா இத்ரூஸ் மாத்தளை டவுனில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். அங்கே எலுமிச்சைக்குத் தேசிக்காய் என்று பேர். ஜுனைதா ஒரு தேசிக்காயில் செப்புக் கம்பியையும், துத்தநாகம் பூசிய ஆணியையும் குத்தினாள். மீட்டரின் இரண்டு முனைகளையும் அவற்றில் வைத்தாள். மீட்டர் ஊசி மெல்ல நகர்ந்தது.

"ஆத்தாடி, அதுக்கு உசுரு இருக்கு!" என்றாள் தவமணி.

"இது காணாது. பல்ப் எரியோணும்னா சாக்குக் கணக்கில வேணும்" என்று சிரித்தார் வாப்பா.

அதனால் அவர்களுடைய இயந்திர மனிதர் காலையில் ஒரு சாக்குத் தேசிக்காயும் மாலையில் ஒரு சாக்குத் தேசிக்காயும் சாப்பிடுபவர் ஆனார். அவ்வளவு செலவு வைக்கிறவரைச் சும்மா பேர் சொல்லிக் கூப்பிட முடியுமா? தவமணி இருந்த தேயிலைத் தோட்டத்தில் பெரிய அதிகாரியைத் துரை என்பார்கள். அப்படித்தான் 'தகரத்துரை' என்ற பெயர் வந்தது.

யோசனை ஜுனைதாவுடையது. படம் தவமணியுடையது. எண்பது பக்கக் கொப்பியில் கட்டம் கட்டமாகக் கதை வளர்ந்தது. ஒரே ஒரு கொப்பிதான். முழு வகுப்பும் முறை வைத்து வாசித்தது. சீகிரியாக் கற்பாறையில் ஏறிய தகரத்துரையைக் குளவிகள் துரத்திய கதைக்கு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தகரத்தில் கொட்டிக் கொட்டிக் குளவிகளின் கொடுக்கு வளைந்துபோனது. கோபித்துக்கொண்ட குளவிகள் துரையின் வயிற்றுக்குள்ளேயே கூடு கட்டிவிட்டன. துரை பேச வாய் திறந்தால் 'ங்ங்ங்' என்று மட்டும்தான் சத்தம் வந்தது.

வகுப்பாசிரியை நூருன்னிஸா டீச்சர் ஒருமுறை கொப்பியைப் பறித்துக்கொண்டு போனார். மறுநாள் திருப்பித் தரும்போது, "குளவிகளை எப்படி வெளியே எடுத்தார் என்பதை எழுதவில்லையே" என்று கேட்டார்.

"புகை போட்டுத்தான் டீச்சர். நாளைக்கு வரைஞ்சிருவோம்" என்றாள் தவமணி.

அது 1979ஆம் வருடம்.

ஒரு திங்கட்கிழமை தவமணி பென்சிலைத் தொடவில்லை. செவ்வாயும் தொடவில்லை. புதன்கிழமை இடைவேளையில் ஜுனைதாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் வரையாம இருக்கிறாய்? போன கதையில விழுந்த துரை இன்னும் கிணத்துக்குள்ளதான் தொங்கிக்கிட்டு இருக்காரு."

தவமணி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்களுக்குப் பாஸ்போட் வந்திருச்சு" என்றாள்.

"என்ன பாஸ்போட்?"

"இந்தியாவுக்குப் போறதுக்கு. அடுத்த மாசம்."

"எப்ப திரும்பி வருவீங்க?"

"திரும்பி வரமாட்டோம்."

ஜுனைதாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இந்தியா எப்பிடி இருக்கும்னு ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்புடித் தெரியும்? எங்கப்பாவே பார்த்ததில்ல. அவரும் இங்கதான் பொறந்தாரு" என்றாள் தவமணி. "பஞ்சம் வந்துச்சே, அப்ப இந்தியாவுக்குப் போறோம்னு எழுதிக் குடுத்தாராம். அப்ப எனக்கு அஞ்சு வயசு. இப்பத்தான் முடிவு வந்திருக்கு."

அன்று மாலை கடையில் ஜுனைதா வாப்பாவிடம் கேட்டாள். அவர் கையிலிருந்த ரேடியோவைக் கீழே வைத்தார்.

"ரெண்டு நாட்டு அரசாங்கமும் முன்ன பேசி, இந்தியாவில இருந்து வந்த தோட்டத்து ஆக்கள்ல இத்தனை பேர் இங்க, இத்தனை பேர் அங்கன்னு பிரிச்சாங்க, மகள்."

"தவமணிகிட்ட யாரும் கேட்டாங்களா?"

வாப்பா ரேடியோவைத் திரும்பக் கையில் எடுத்தார். ஆனால் அதைத் திருத்தவில்லை.

செய்தி வகுப்பில் பரவியதும் புதிதாக ஒரு சண்டை தொடங்கியது. கொப்பி யாருக்கு?

"வகுப்புக்குத்தான்" என்றான் மாடசாமி. அவன் தகரத்துரை கதைகளை மனப்பாடமாகச் சொல்லுவான். "எல்லாரும் வாசிக்கிறோம். அப்ப எல்லாருக்கும் சொந்தம்."

நூருன்னிஸா டீச்சரும் கொப்பியை வகுப்பு அலுமாரியில் வைக்கலாம் என்றார். தவமணி மறுக்கவில்லை. "இங்கயே இருக்கட்டும். எனக்கு எதுக்கு?" என்றாள். அதைச் சொல்லிவிட்டு வெளியே தண்ணீர் குடிக்கப் போனவள், மணி அடித்து வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜுனைதாவும் வாப்பாவும் தோட்டத்துக்குப் போனார்கள். மலைச்சரிவில் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகளின் வரிசை இருந்தது. அதை லயம் என்பார்கள். அதில் நான்காவது வீடு தவமணியுடையது. சுவரில் மாட்டியிருந்த சாமிப் படங்கள் இல்லை. அவை இருந்த இடம் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் ஒரு இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. தவமணியின் அப்பா அழகமுத்து பாத்திரங்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க மொதலாளி. உக்காருங்க" என்றவர் சுற்றிப் பார்த்தார். நாற்காலியை முந்தின நாளே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெட்டியைச் சட்டென்று மூடி, அதன்மேல் துண்டைத் தட்டி விரித்தார். வாப்பா அதில் உட்கார்ந்தார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். 

இரண்டு சிறுமிகளும் கொய்யா மரத்தடிக்குப் போனார்கள். தவமணி ஒரு குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தாள்.

"கப்பல விட்டு எறங்குனா ஒரு முகாம்ல வைப்பாங்களாம்" என்றாள். "அங்க யாருக்கும் என்னையத் தெரியாது. நீ யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"தவமணின்னு சொல்லு."

"அது பேரு. நான் யாருன்னு கேட்டா?"

ஜுனைதா குனிந்து பார்த்தாள். பேசிக்கொண்டே தவமணி மண்ணில் கீறியது தகரத்துரையின் காலை. சரியான காலை. முழங்காலில் இருக்கும் திருகாணியைக்கூட விடவில்லை.



மறுநாள் காலை ஜுனைதா வகுப்புக்கு முன்னால் போய் நின்றாள். "கொப்பியத் தவமணிக்கிட்ட குடுப்பம்" என்றாள். தவமணி அன்று வரவில்லை. அவளுடைய பெயர் ஏற்கனவே வரவு இடாப்பிலிருந்து வெட்டப்பட்டிருந்தது.

"அப்ப எங்களுக்கு?" என்று எழுந்தான் மாடசாமி.

"நாங்க இங்க நாப்பது பேர் இருக்கிறம். அவளுக்கு அங்க ஒருத்தரும் இல்ல. கொப்பிய வாசிச்சா அங்க உள்ள புள்ளைகள் அவளோட சேருவாங்க. நீங்க எல்லாரும் அப்பிடித்தானே அவளோட சேந்தீங்க?"

 அது உண்மைதான். தோட்டத்திலிருந்து வந்த தவமணியோடு வருடத்தின் முதல் தவணையில் யாரும் அதிகம் பேசியதில்லை.

"அப்ப இனிமேக் கதையே இல்லையா?" மாடசாமியின் குரல் இறங்கிவிட்டது.

"இருக்கு. நான் வரைறேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. போன வருடம் ஜுனைதா வரைந்த யானையை, சித்திரப் பாட ஆசிரியர் குடை என்று நினைத்து நல்ல புள்ளி போட்டிருந்தார். ஜுனைதாவின் காது சிவந்தது. ஆனாலும் அவள் இடத்தை விட்டு நகரவில்லை.

டீச்சர் அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்தார். "வேறு யாருக்காவது மறுப்பு இருக்கிறதா?" என்று கேட்டார். மாடசாமி தலையைக் குனிந்துகொண்டு, "கிணத்துல இருந்து துரைய மேல எடுக்கச் சொல்லுங்க" என்றான்.

தவமணி புறப்பட்ட அன்று மாத்தளை ரயில் நிலையத்தில் நிற்க இடமில்லை. நான்கு தோட்டத்து ஆட்கள் வந்திருந்தார்கள். போகிறவர்கள் யார், வழியனுப்ப வந்தவர்கள் யார் என்று தெரியாதபடி எல்லாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவ்வளவு பெரிய ஆட்கள் அப்படி அழுது ஜுனைதா பார்த்ததில்லை. அவள் வாப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தவமணி ஜன்னலோரத்தில் இருந்தாள். ஜுனைதா கொப்பியை நீட்டினாள்.

"வேணாம். இது வகுப்போடது."

"வகுப்புத்தான் குடுத்துச்சு. யாராவது நீ யாருன்னு கேட்டா இதக் காட்டு."

தவமணி கொப்பியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். இருவருமே வேறு நிறையச் சொல்ல நினைத்திருந்தார்கள். கோச்சி வண்டி நகரத் தொடங்கியதும் தவமணி தலையை வெளியே நீட்டி, "கிணத்துல இருந்து எப்புடி எடுக்கிறது?" என்று கத்தினாள்.

"கப்பி! ரெண்டு கப்பி போட்டு இழு!" ஜுனைதா பிளாட்பாரம் முடியும் வரை ஓடினாள். "அப்பத்தான் பாரம் பாதியாகும்!"

தவமணிக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. அழுகைச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

ஜுனைதா புதுக் கொப்பி வாங்கினாள். மூன்று நாள் முயன்றாள். நான்காம் நாள் ஒரு பக்கத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தாள்.

மாடசாமி கொப்பியை நேராகப் பிடித்துப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தான். "இது யாரு? தேத்தண்ணிக் கேத்தலா?" என்றான்.

"தகரத்துரை."

"துரைக்கு ஏன் மூக்கு கேத்தல் குழாய் மாதிரி இருக்கு? கை ரெண்டும் ஏன் கரண்டி மாதிரி இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்த ஜுனைதா அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனாள். கிழிப்பதற்கு முன் மறுபடியும் ஒருமுறை பார்த்தாள். உண்மையாகவே கேத்தல்தான். மாடசாமி சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் ஒரு யோசனையும் வந்தது.

பக்கத்தின் மேலே இன்னும் இரண்டு கட்டங்கள் கட்டினாள். முதலாவதில், கப்பி போட்டுக் கிணற்றிலிருந்து மேலே வந்த தகரத்துரையின் மேல் கண்டி வீதியில் ஒரு ரோட் ரோலர் ஏறி இறங்கியது. ரோட் ரோலரை வரைவது சுலபம். இரண்டு வட்டம் போதும். இரண்டாவதில் தகரம் ஒட்டுகிறவர், "மன்னிக்கோணும் துரை, கடையில இருந்த சாமான் இவ்வளவுதான்" என்று ஒரு பழைய கேத்தலையும் இரண்டு கரண்டிகளையும் எடுத்துக்கொண்டு நின்றார்.

அதற்கடுத்து அவள் வரைந்திருந்த படம். அதன் கீழே எழுதினாள்: 'முகம் போனால் போகட்டும். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தேசிக்காய் எங்கே?'

மறுநாளும் வகுப்பு சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. மாடசாமி இரண்டாவது முறையாக வரிசையில் வந்து நின்றான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நீல நிறத் தபால் வந்தது. வெளிநாட்டுக்கு எழுதும் தாள் அது. எழுதி மடித்து ஒட்டினால் தாளே உறையாகிவிடும். உள்ளே வேறு எதையும் வைக்கக்கூடாது என்று அதிலேயே அச்சடித்திருந்தது. தவமணி வேறு எதையும் வைக்கவில்லை. தாள் முழுவதும் கட்டம் கட்டி வரைந்திருந்தாள். கப்பலின் மேல்தட்டில் தகரத்துரை நிற்கிறார். பெரிய அலை வருகிறது. துரை தலைகுப்புறக் கடலுக்குள் போகிறார். கடலடியில், கால்கள் மேலே நீட்டியபடி, தலை சேற்றில் குத்தி நிற்கிறார். ஒரு மீன் அவரைப் பார்த்து, 'இந்தத் தகரத்தில் பாண், ரொட்டி ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்கிறது.

ஓரத்தில் சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: 'மண்டபம் முகாமில் இருக்கிறோம். கொப்பியை எல்லாரும் வாசிக்கிறார்கள். பதுளையில் இருந்து வந்த பிள்ளைகள் இருவர் எனக்குச் சிநேகிதம். ஆனால் துரையை மேலே எடுக்க வழி தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும். இந்த மாதம் முடிந்ததும் எங்களை வேறு ஊருக்கு அனுப்புவார்கள். எந்த ஊர் என்று இன்னும் சொல்லவில்லை. அதற்கு முன் பதில் எழுது.'

மாதம் முடிய இருபது நாள் இருந்தது. தபால் போய்ச் சேரவே இரண்டு கிழமை, பதினான்கு நாள், வேண்டும். பதில் பிந்தினால் தவமணி எங்கே இருப்பாள் என்று யாருக்கும் தெரியாது.

ஜுனைதா ஒரு பால்மா டின்னில் கல்லைக் கட்டி, கிணற்றடித் தொட்டியில் போட்டாள். டின் 'குளுக்' என்று அடியில் போய் உட்கார்ந்தது. கயிறு கட்டி இழுக்கலாம். ஆனால் கடலடிக்குப் போய்க் கயிறு கட்டுவது யார்? காந்தம்? அவ்வளவு பெரிய காந்தம் ஏது? இரண்டு நாள் அப்படியே போனது.

மூன்றாம் நாள் பப்பாசி இலை ஒன்றின் நீண்ட காம்பை ஒடித்தாள். அது உள்ளே வெறுமையான குழாய். அதைத் தண்ணீருக்குள் விட்டு டின்னுக்குள் ஊதினாள். குமிழிகள் டின்னின் வாய்வழியே வெளியே ஓடிவிட்டன. டின் அசையவில்லை.

ஜுனைதா தவமணியின் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். கடலடியில் துரை நிமிர்ந்து நிற்கவில்லை. தலைகீழாக நின்றார்.

ஓடிப்போய் டின்னைக் கவிழ்த்து வைத்தாள். காம்பை வளைத்து அதன் வாய்க்கடியில் விட்டாள். கன்னம் வீங்க ஊதினாள். இந்தமுறை காற்று எங்கும் ஓடவில்லை. டின்னுக்குள்ளேயே சேர்ந்து தண்ணீரை வெளியே தள்ளியது. டின் ஒருமுறை ஆடியது. பிறகு கல்லையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தது.

"உம்மா! வந்துட்டாரு!" என்று கத்தினாள் ஜுனைதா. உம்மா யாரோ விருந்தாளி வந்துவிட்டதாக நினைத்து முந்தானையைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தார்.

அன்றைக்கே நீலத் தாள் வாங்கி வரைந்தாள். மீன்கள் எல்லாம் ஆளுக்கொரு பப்பாசிக் காம்போடு சுற்றி நின்று ஊதின. மீன்கள் கத்தரிக்காய் மாதிரி வந்தன. போகட்டும். காற்று நிறைந்த தகரத்துரை கால் மேலே, தலை கீழே என்று கடலை விட்டுக் கிளம்பினார். ரோட் ரோலர் கதையையும் ஒரு மூலையில் எழுதி, இனித் துரையின் முகம் இப்படித்தான் என்று மன்னிப்புக் கேட்டாள். கடைசித் தபாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாப்பா அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

பதினைந்து நாள் போனது. மாதம் முடிந்தது. அடுத்த மாதமும் முடிந்தது. மாடசாமி தினமும் காலையில் கேட்பதை நிறுத்திவிட்டான். அவன் கேட்காமல் இருந்தது ஜுனைதாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தவணைப் பரீட்சைக்கு முந்தின நாள் நீலத் தாள் வந்தது. முத்திரையில் வேறொரு ஊரின் பெயர் அடித்திருந்தது. நீலகிரி மலைப் பக்கத்து ஊர். நாற்பது பேரும் மேசையைச் சுற்றி நெருக்க, டீச்சர் கத்தரிக்கோலால் ஓரத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினார்.

முதல் கட்டத்தில் தகரத்துரை மலை உச்சியில் நின்றார். தவமணியின் கை. அதே நேர்த்தியான கோடுகள், முழங்காலில் அதே திருகாணி. ஆனால் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேத்தல் குழாய் இருந்தது. கைகள் இரண்டும் கரண்டிகள்.

ஜுனைதா அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தத வாசி!" என்று முழங்கையால் இடித்தான் மாடசாமி.

அடுத்த கட்டங்களில் தகரத்துரையால் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. முழங்கால் மடங்கவில்லை. கழுத்து திரும்பவில்லை. கீழே தவமணி எழுதியிருந்தாள்: 'இங்கே பயங்கரக் குளிர். நேற்று துரையின் மூட்டுகளுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் போட்டேன். இன்று காலை இப்படி ஆகிவிட்டார். எங்கள் வீட்டுப் போத்தலிலும் எண்ணெய் கட்டியாக நிற்கிறது. ஏன்?'

"ஏன்?" என்றான் மாடசாமி.

"தெரியாது" என்றாள் ஜுனைதா. "நுவரெலியாவும் குளிர் ஊருதானே. அங்க யாருக்காவது சொந்தக்காரங்க இருக்காங்களா?"

ஏழு பேர் கை உயர்த்தினார்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய அந்த நாள் முழுவதும் ஆறாம் வகுப்பு தேங்காய் எண்ணெயைப் பற்றித்தான் பேசியது. டீச்சரும் தடுக்கவில்லை.